நிலம் ஒருவருக்கு, கரும்பு ஒருவருக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் பரப்பளவைக் கூட்டினால் 18,000 சதுர கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். பசிபிக் கடலில் இருக்கும் பிஜி நாட்டின் மொத்தப் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அந்த நிலம் 330க்கும் மேற்பட்ட தீவுகளாகக் கடலில் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் ஆட்கள் குடியிருப்பவை சுமார் 110. மக்கள்தொகை, 2017 கணக்கெடுப்பின்படி 8,84,887. கோவை நகரத்தில் மட்டுமே 2011இல் பத்து லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இத்தனை சிறிய நாட்டில் 1987 தொடங்கி 2006 வரை நான்கு முறை ஆட்சி கவிழ்க்கப்பட்டது. காரணம் தேடிப் போனால் அது கரும்புக் காட்டில்தான் கொண்டுபோய் நிறுத்தும். அந்தக் காட்டில் பாடுபட்டவர்களில் சுமார் 15,000 பேர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். வித்தி லெவு, வனுவா லெவு என்ற இரண்டு தீவுகள்தான் பெரியவை. நாட்டின் பெரும்பகுதி நிலமும் மக்களும் இவற்றில்தான். வித்தி லெவுவின் நடுவில் எரிமலைகள் எழுப்பிய மலைத்தொடர் நிற்கிறது. உச்சி தோமனிவி, 1,324 மீட்டர்; நம் தொட்டபெட்டாவில் பாதி. தென்கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று இந்த மலையில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. அதனால் தென்கிழக்குக் கரையில் உள்ள தலைநகர் சுவாவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை. மலைக்கு மறுபுறம் மேற்கில் இருக்கும் நாந்தி, லௌதோக்கா, பா ஆகிய ஊர்களில் மழை வெகுவாகக் குறைந்து, ஆண்டில் சில மாதங்கள் வானம் வெளுத்துக் கிடக்கும். வால்பாறையில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கோவைக்குச் சாரலை மட்டும் அனுப்பும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரும்பு வளரத் தண்ணீர் வேண்டும், சர்க்கரை ஏறக் காய்ச்சல் வேண்டும். இரண்டும் கிடைப்பது மேற்குக் கரையில். கரும்பு ஆலைகளும் தமிழர் குடியிருப்புகளும் அந்தப் பக்கம் திரண்டதற்குக் காரணம் இந்த மழைக்கணக்குதான்.

தீவின் பூர்வகுடிகளை இ-தௌகேய் என்கிறார்கள். அவர்களிடம் நிலம் தனி ஆள் பெயரில் இருப்பதில்லை. மத்தங்காலி எனப்படும் குலக்குழுவுக்கே நிலம் சொந்தம். தலைவர் இருப்பார், ஆனால் அவரும் விற்க முடியாது. 1874 அக்டோபர் 10 அன்று தாக்கோம்பாவ் உள்ளிட்ட தலைவர்கள் லெவுகா என்ற சிறிய துறைமுக ஊரில் கையெழுத்திட்டு நாட்டைப் பிரிட்டிஷ் அரசியிடம் ஒப்படைத்தார்கள். மறு ஆண்டே தட்டம்மை பரவியது. அந்த நோயை முன்பின் அறியாத தீவு அது. சுமார் 40,000 பேர் மாண்டார்கள். பிணங்களைப் புதைக்க ஆளில்லாத அந்த நாட்களில்தான் முதல் நிரந்தர ஆளுநர் ஆர்தர் கார்டன் வந்து சேர்ந்தார்.

கார்டன் எடுத்த முடிவுகள் இரண்டு. இ-தௌகேய் நிலத்தை வெளியார் வாங்கக் கூடாது. அவர்களைத் தோட்டக் கூலிகளாக இழுக்கவும் கூடாது. இந்த இரண்டும் அந்த மக்களைக் காப்பாற்றின என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பக்கத்தில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பூர்வகுடிகள் நிலத்தை இழந்து என்ன ஆனார்கள் என்பது வரலாறு. இன்றும் பிஜியின் நிலத்தில் சுமார் 87 சதவீதம் இ-தௌகேய் குலங்களிடமே இருக்கிறது. ஆனால் காலனி நடக்கப் பணம் வேண்டும். பணத்துக்குக் கரும்பு, கரும்புக்கு ஆள். டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் ஆளுநராக இருந்தபோது இந்தியக் கூலிகளைக் கொண்டு தோட்டம் நடத்துவதை நேரில் பார்த்தவர் கார்டன். ஒரு மக்களைக் காக்க இன்னொரு மக்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

முதல் கப்பல் 'லியோனிடாஸ்' கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1879 மே 14 அன்று வந்தது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. 1916இல் கடைசிக் கப்பல் வந்து சேர்வதற்குள் மொத்தம் 60,000 பேருக்கு மேல் இறங்கிவிட்டார்கள். தமிழர்களில் வட ஆற்காட்டுப் பக்கத்தவர் அதிகம். கூடவே ஆந்திரக் கடற்கரையிலிருந்து தெலுங்கர்கள், மலபாரிலிருந்து மலையாளிகள்.

கிர்மிட் என்று அவர்கள் சொன்ன ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கானது. நாளுக்கு ஒன்பது மணி நேர வேலை, சனிக்கிழமை ஐந்து மணி நேரம். முழு வேலை முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முடிக்காவிட்டால் கூலி பிடித்தம், வழக்கு, அபராதம். குடியிருக்க 'லைன்' வீடு: பத்தடிக்கு ஏழடி அறை. அதில் கல்யாணமாகாத மூன்று ஆண்கள், அல்லது ஒரு கணவன் மனைவி, பிள்ளைகள். சமையலும் அதற்குள்ளேயே. அறைக்கு அறை இருந்த தடுப்பு கூரை வரை எட்டாது. அடுத்த அறையில் யார் இருமினாலும் அழுதாலும் இங்கே கேட்கும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் அனுப்பினார்கள். அந்த நாற்பது பேரின் வாழ்க்கை என்னவாக இருந்திருக்கும் என்பதைத்தான் பாரதி 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்' பாட்டில் கேட்டார். சர்தார் எனப்பட்ட கங்காணிகளின், வெள்ளை மேற்பார்வையாளர்களின் கொடுமையும், தற்கொலைகளும் இந்தியா வரை எட்டின. 1915இல் சி.எஃப். ஆண்ட்ரூஸ் நேரில் போய்ப் பார்த்து வந்து அறிக்கை எழுதினார். போராட்டம் வலுத்தது. 1920 ஜனவரி 1 அன்று மிச்சமிருந்த எல்லா ஒப்பந்தங்களும் ரத்தாயின.

கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடிபெயர்வுச் சீட்டு உண்டு. பெயர், அப்பா பெயர், சாதி, ஊர், மாவட்டம், உயரம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை அதில் எழுதியிருக்கும். சுவாவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் அந்தச் சீட்டின் நகலோடு தமிழ்நாட்டுக்கு வந்து ஊர் தேடுகிறார்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களைப் படித்துச் சொல்ல நம் வருவாய்த் துறை ஆவணங்களும், ஊர்ப் பெரியவர்களின் ஞாபகமும் வேண்டும். அயலகத் தமிழர் நலத்துறை என்று தனித் துறையே வைத்திருக்கும் தமிழ்நாடு அரசு இதைத் தன் வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும். ஆண்டுக்கொரு விழாவைவிட அந்தக் குடும்பங்களுக்கு இது பெரிது.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களில் தென்னிந்தியர்களைக் கட்டிச் சேர்த்தவர் சாது குப்புசுவாமி. ஒப்பந்தக் கூலியாக வந்து, துறவியானவர். 1926இல் நாந்தியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினார். சுருக்கமாகச் 'சங்கம்' என்றால் பிஜியில் எல்லோருக்கும் தெரியும். இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை அது நடத்துகிறது; லம்பாசாவில் செவிலியர் கல்லூரியும் உண்டு. வீட்டில் இப்போது பேச்சு பிஜி இந்திதான். தமிழ், சங்கப் பள்ளிகளிலும் கோயில்களிலும் தங்கியிருக்கிறது. நாந்தியின் பிரதான சாலை முடியும் இடத்தில், வண்ணம் பூசிய கோபுரத்தோடு சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். இன்றுள்ள கட்டடத்துக்கு 1994இல் குடமுழுக்கு நடந்தது. பழநி பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போவது நமக்குப் பெருமை. நாந்தியிலும் கரும்பு போட்டவர்கள்தான் முருகனுக்குக் காவடி எடுக்கிறார்கள். சுவா துறைமுகத்தில் நிற்கும் 'லோமைவித்தி பிரின்சஸ்' கப்பல் கவுண்டர் ஷிப்பிங் என்ற நிறுவனத்துடையது. கொங்கு நாட்டுக்காரருக்குச் சட்டென்று ஓர் ஒட்டுதல் தோன்றும். ஆனால் வட ஆற்காட்டுப் பக்கமும் கவுண்டர் பட்டம் உண்டு. நாயுடு, ரெட்டி, பிள்ளை, முதலியார் எல்லாம் பிஜியில் இப்போது சாதி கழன்று குடும்பப் பெயராக நிற்கின்றன.

இனி கரும்புக் கணக்கு. பிஜியின் ஆலைகள் அன்று ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஆர். கம்பெனியிடம் இருந்தன. கிர்மிட் ஒழிந்ததும் கம்பெனி தன் தோட்டங்களைப் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் துண்டுகளாக்கிப் பழைய கூலிகளுக்கே குத்தகைக்கு விட்டது. கூலி குத்தகைக்காரர் ஆனார். விலையை மட்டும் கம்பெனியே வைத்தது. 1941இல் விவசாயிகளின் மகா சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுவாமி ருத்ரானந்தா; தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் அழைப்பில் வந்த ராமகிருஷ்ண மடத்துத் துறவி. அவரும் வழக்கறிஞர் ஏ.டி. பட்டேலும் சேர்ந்து 1943 கரும்பு வேலைநிறுத்தத்தை நடத்தினார்கள். 1970இல் இங்கிலாந்தின் நீதிபதி டென்னிங் பிரபு, விற்பனை வருமானத்தில் 65 சதவீதத்தை விவசாயிக்கு உறுதிசெய்து தீர்ப்பளித்தார். கட்டுப்படியாகாது என்று கம்பெனி மூட்டை கட்டியது. 1973 முதல் ஆலைகள் அரசிடம்.

இந்த இடத்தில் நம் ஊரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தடித்த, இனிப்பான கரும்பு பசிபிக் ஓரத்தில் உள்ள நியூ கினித் தீவில் பிறந்தது. அந்த வகையைச் சேர்ந்த 'வெள்ளை' என்ற கரும்பை நம் பக்கத்துக் காட்டு நாணலோடு கலந்து, கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1918இல் கோ 205 என்ற ரகத்தைக் கொடுத்தது. 1912இல் பார்பர் தொடங்கி, டி.எஸ். வெங்கட்ராமன் வளர்த்த ஆய்வு அது. கோவையில் அந்த நாற்று தயாரானபோது, பிஜியில் நம் ஆட்கள் இன்னும் ஒப்பந்தக் கூலிகளாகத்தான் இருந்தார்கள்.

டென்னிங் தீர்ப்பால் பிஜியில் விலை நியாயமானாலும் நிலம் நியாயமாகவில்லை. எனக்கு இதுதான் பிஜி வரலாற்றின் கரு. 1940இல் சுகுனா என்ற இ-தௌகேய் தலைவரின் முயற்சியால் குலநிலங்களையெல்லாம் நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை வாரியம் வந்தது. குத்தகை அதன் வழியாகத்தான். 1976 சட்டம் முப்பது ஆண்டுக் குத்தகை என்றது. பழைய குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாக முடிந்தன. பலருக்குப் புதுப்பித்துத் தரவில்லை. நம்மூரில் குத்தகைக்கு ஓட்டுகிறவர் அந்தக் காட்டில் கிணறு வெட்டுவாரா, தென்னை வைப்பாரா? பிஜியில் மூன்று தலைமுறை வீடு கட்டி, மரம் வைத்து, கோயிலும் கட்டினார்கள். ஒரு நாள் தகரக் கூரையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்து ஓரம் போனார்கள். நிலத்துக்காரரிடம் கேட்டால் அவரும் நியாயம் சொல்கிறார்: முப்பது ஆண்டு சொற்ப வாடகை வாங்கியிருக்கிறோம், என் பிள்ளைக்கு இப்போது நிலம் வேண்டும். இரு தரப்புமே பொய் சொல்லவில்லை.

அரசியல் முழுக்க இந்தப் பயத்தில்தான் ஓடியது. 1970 அக்டோபர் 10 அன்று விடுதலை. கமிசெசே மாரா பிரதமர். 1966 கணக்கெடுப்பிலேயே இந்திய வம்சாவளியினர் பாதிக்குச் சற்று மேல். 1987 ஏப்ரலில் இந்தியர் ஆதரவோடு டாக்டர் பவாந்த்ரா பிரதமரானார், அவரும் இ-தௌகேய்தான். ஆனாலும் மே 14 அன்று லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரம்புகாவின் வீரர்கள் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். 'லியோனிடாஸ்' வந்த அதே தேதி. செப்டம்பரில் இரண்டாவது புரட்சி. 1999இல் மகேந்திர சவுத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர் ஆனார். மறு ஆண்டே ஜார்ஜ் ஸ்பைட்டின் ஆட்கள் அவரை 56 நாள் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். 2006இல் தளபதி பைனிமராமா ஆட்சியைப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் படித்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கிளம்பினார்கள். 2007இல் இந்திய வம்சாவளியினர் 37.5 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள்.

இன்றைய ஆட்சிமுறை 2013 அரசியல் சட்டப்படி நடக்கிறது. இனவாரி இடங்கள் ஒழிந்தன. நாடு முழுவதும் ஒரே தொகுதி, விகிதாசார முறை. ஐந்து சதவீத ஓட்டு வாங்காத கட்சிக்கு இடமில்லை. வாக்குச்சீட்டில் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது, வெறும் எண்கள். உங்கள் வேட்பாளரின் எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு போய்க் குறிக்க வேண்டும். எல்லாக் குடிமக்களையும் பிஜியர் என்றே அழைக்க வேண்டும் என்றும் ஆயிற்று. இதில் எனக்கு முழு உடன்பாடு. ராணுவத்தின் பிடியில் எழுதப்பட்ட சட்டம் என்ற குறை அதற்கு உண்டு. இ-தௌகேய் குலங்களின் தலைவர்கள் பேரவையைக் கலைத்துவிட்டு எழுதியது அந்த மக்களில் பலருக்கு இன்றும் ஆறாத காயம். 2022 டிசம்பரில் ரம்புகாவே 28க்கு 27 என்ற கணக்கில் பிரதமரானார். இந்திய வம்சாவளியினரின் பழைய கட்சியான தேசிய கூட்டமைப்புக் கட்சி அவரோடு கூட்டணி. 2023இல் தலைவர்கள் பேரவை மீண்டும் கூடியது. அதே ஆண்டு கிர்மிட் நாள் அரசு விடுமுறையானது. மே 14 அன்று ரம்புகா 1987க்காகப் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். முப்பத்தாறு ஆண்டு தாமதம்தான். ஆனாலும் துப்பாக்கி தூக்கியவரே வாய் திறந்து கேட்டது சிறிய செய்தியல்ல.

கரும்பு அதற்குள் தளர்ந்துவிட்டது. 1990களில் 40 லட்சம் டன் வரை வெட்டிய நாடு, இப்போது 20 லட்சத்தைத் தொட முடியாமல் நிற்கிறது. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் 44 பேரைக் கொன்றது. ராக்கிராக்கியில் இருந்த ஆலை அதற்குப் பிறகு ஓடவே இல்லை. மீதி இருந்தவை மூன்று ஆலைகள். கடல் ஏறியதால் வனுவா லெவுவில் வுனிந்தோங்கோலோவா என்ற கிராமமே 2014இல் மேட்டுக்கு இடம் மாறியது. கைவிட்ட குத்தகைக் காடுகள் பல புதர் மண்டிக் கிடக்கின்றன.

அதே காடுகளில் சிலவற்றில் நிலத்துக்காரர்களே கரும்பு போடத் தொடங்கியிருக்கிறார்கள். கரும்பு விவசாயிகளில் இன்று கணிசமானோர் இ-தௌகேய் மக்கள். அரசியல் சட்டங்களைவிட நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். வெட்டு ஆள் கிடைக்காத திண்டாட்டமும், ஆலை இயந்திரம் பழுதானால் வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறைவதும் இரு தரப்புக்கும் ஒன்றாகிவிட்டன. சத்தியமங்கலத்துக்காரரும் உடுமலைக்காரரும் நன்கு அறிந்த தொல்லைகள் இவை. லௌதோக்கா ஆலை வாசலில் அரவைப் பருவத்தில் லாரிகள் வரிசை கட்டிக் காத்திருக்கின்றன. குத்தகைக்காரரின் கரும்பும் நிலத்துக்காரரின் கரும்பும் ஒரே எடைமேடையில் ஏறுகின்றன. இருவரும் கேட்பது ஒரே விலை.