கத்தரிக்கோல் நுனியில் கண்ணன் கதை! மதுராவின் 'சாஞ்ஜி' காகிதக் கலை

மதுரா!

சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே ரெயிலில் போய் வரும் தமிழர்களுக்கு இந்த ஊர் புதிது அல்ல. கண்ணன் பிறந்த ஊர் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு என்று ஒரு பெட்டி பேடா வாங்குவார்கள். ரெயில் புறப்பட்டுவிடும்.

ஆனால், பேடாவைத் தவிர இன்னொரு பெருமையும் மதுராவுக்கு உண்டு. அது காகிதம்! கத்தரிக்கோலை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் மயிலையும் மாட்டையும் கடம்ப மரத்தையும் யமுனைப் படித்துறையையும் வெட்டி எடுக்கும் கலை. பெயர் 'சாஞ்ஜி'. (புத்த ஸ்தூபி இருக்கும் சாஞ்சி வேறு, அது மத்தியப் பிரதேசத்தில் உள்ளது.)

2022-ம் ஆண்டு மே மாதம் டோக்கியோவில் 'குவாட்' நாடுகளின் மாநாடு நடந்தது. அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடனுக்கு பிரதமர் நரேந்திர மோடி கொடுத்த பரிசு, மதுராவில் வெட்டிய ஒரு சாஞ்ஜிப் படம்தான். கோகுலத்தில் உள்ள தாகுராணி படித்துறைக் காட்சி அதில் இருந்தது.

தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. வெறும் காகிதம்! அதற்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது?

மாலை நேரத்துக் கோலம்

இந்தியில் 'சாஞ்ஜ்' என்றால் மாலை நேரம். கண்ணனுக்காக ராதை மாலை நேரத்தில் பூக்களால் அலங்காரம் செய்தாள் என்றும், அதிலிருந்து இந்தக் கலை பிறந்தது என்றும் அந்தப் பகுதி மக்கள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் வைணவ பக்தி இயக்கம் அங்கே வளர்ந்தபோது, இந்த அலங்காரம் கோவிலுக்குள் வந்தது.

நாம் மகாளய பட்சம் என்று சொல்கிறோமே, புரட்டாசி அமாவாசைக்கு முந்திய அந்த 15 நாட்கள், அவைதான் சாஞ்ஜிக்கு உரிய நாட்கள். பிருந்தாவனக் கோவில்களில் மண்ணால் எட்டுப் பக்க மேடை போடுவார்கள். அதன்மேல் வெட்டிய காகிதப் படிவத்தை வைத்து, வண்ணப்பொடியை மெல்லிய துணி வழியாகச் சலித்துத் தூவுவார்கள். படிவத்தை எடுத்தால் கீழே படம் நிற்கும்.

நம் ஊர்ப் பெண்கள் விரலால் இழுக்கும் கோலத்தை, இவர்கள் காகிதத்தின் வழியாக இறக்குகிறார்கள் என்று சொல்லலாம்.

மாலையில் பக்தர்கள் வந்து பார்ப்பார்கள். பிறகு அந்தப் படம் கலைக்கப்படும். பல மணி நேர வேலை ஒரு நொடியில் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் காகிதப் படிவம் மிஞ்சும். அடுத்த ஆண்டும் அதுவே உதவும்.

வெட்டுவது பெரிது அல்ல, விடுவதே பெரிது!

படிவம் என்பது என்ன? லாரியிலும் சாக்கு மூட்டையிலும் தகரத் தகட்டை வைத்துப் பெயர் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான்.

அந்தத் தகட்டில் சைபர் எண்ணைக் கவனித்தது உண்டா? வட்டம் முழுவதையும் வெட்டினால், நடுவில் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். அதனால் மேலும் கீழும் சிறு இணைப்பு விட்டு வெட்டி இருப்பார்கள்.

சாஞ்ஜியின் ரகசியம் முழுவதும் இந்த இணைப்பில் இருக்கிறது. ஒரு மயில் தோகையில் எத்தனையோ கண்கள். ஒவ்வொரு கண்ணும் பக்கத்துக் கண்ணோடு ஒரு நூல் அளவு காகிதத்தால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இணைப்பு தடித்தால் படம் அசிங்கமாகும். மெலிந்தால் தாள் கிழியும். எங்கே விடுவது, எவ்வளவு விடுவது என்று தெரிந்தவரே கலைஞர். நல்ல கலைஞர் அந்த இணைப்பையே கொடியாகவும், மாட்டின் கயிறாகவும், சேலை மடிப்பாகவும் மாற்றிவிடுவார். பார்ப்பவருக்கு இணைப்பு இருப்பதே தெரியாது!

ஒரு படத்துக்கு ஒரு படிவம் போதாது. நிறத்துக்கு ஒன்று வேண்டும். முகத்துக்கு ஒன்று, ஆடைக்கு ஒன்று, நகைக்கு ஒன்று என்று அடுத்தடுத்து அதே இடத்தில் வைக்க வேண்டும். ஒரு படிவத்தில் ஓரம் சற்று விலகி வெட்டப்பட்டு இருந்தால், ஆடையின் சிவப்பு முகத்தில் விழும். அதன் பிறகு திருத்த வழி இல்லை. தொடக்கத்தில் இருந்து தூவ வேண்டியதுதான்.

தண்ணீர் சாஞ்ஜி என்றும் ஒரு வகை உண்டு. பாத்திரத்தின் அடியில் படம் போட்டு அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் நிரப்புவது ஒரு முறை. அசையாமல் நிற்கும் தண்ணீரின் மேலேயே பொடியைத் தூவிப் படம் மிதக்கவிடுவது இன்னொரு முறை. அங்கே படிவம் இம்மி பிசகினாலும் போயிற்று.

கத்தரிக்கோல் எப்படிப்பட்டது?

சாஞ்ஜிக் கலைஞர்கள் இந்த வேலைக்கு என்றே செய்யப்பட்ட கத்தரிக்கோலைப் பயன்படுத்துகிறார்கள். நுனி மெல்லியதாக, மிகக் கூர்மையாக இருக்கும்.

தையல்காரரின் கத்தரிக்கோல் இதற்கு உதவாது. அதன் நீண்ட அலகு நேர்கோட்டுக்கு ஏற்றது, வளைவில் திரும்பாது. சின்ன வளைவு வெட்டக் குட்டையான, ஒடுங்கிய அலகு வேண்டும். இரண்டு அலகும் நுனிவரை இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். நுனி சேராத கத்தரிக்கோல் தாளை வெட்டாது, மடித்துக் கசக்கும்.

உத்தரப் பிரதேசத்தில் கத்தரிக்கோலுக்குப் பெயர் பெற்ற ஊர் மீரட். பழைய வாகனங்களின் இரும்பை உருக்கியும் அடித்தும் அங்கே கத்தரிக்கோல் செய்கிறார்கள். தாத்தா வாங்கினால் பேரன் வரைக்கும் உழைக்கும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. 2013-ல் மீரட் கத்தரிக்கோல் புவிசார் குறியீடு பெற்றது.

எந்தக் கத்தரிக்கோலானாலும் ஒரு விதி: காகிதம் வெட்டும் கத்தரிக்கோலால் வேறு எதையும் வெட்டக்கூடாது. ஒரு முறை கம்பியையோ பசை நாடாவையோ வெட்டினால் முனை கெட்டுவிடும்.

வேலை நடக்கும் விதம்

முதலில் தாளில் பென்சிலால் படம் வரைகிறார்கள். அதன் அடியில் பல தாள்களை அடுக்கி, நகராதபடி சேர்த்துப் பிணைக்கிறார்கள். ஒரே வெட்டில் பல படிவங்கள் கிடைத்துவிடும். ஆனால் அடுக்கு தடித்தால் அடித்தாள் நழுவும். மேலே சரியாகவும் கீழே கோணலாகவும் வரும்.

வெட்டப் போகும் பகுதியின் நடுவில் நுனியால் ஒரு துளை. அங்கிருந்து கோட்டை நோக்கி வெட்டிப் போய், கோட்டைச் சுற்றி வர வேண்டும். கோட்டின் மேலேயே துளை போட்டால் அந்த இடத்தில் பிசிறு நிற்கும்.

கத்தரிக்கோல் பிடித்த கை ஏறக்குறைய அசைவதே இல்லை. மற்றக் கைதான் தாளைச் சுற்றித் தருகிறது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறு, கத்தரிக்கோலைத் திருப்புவது. அப்போது வளைவு வளைவாக வராது. மூலை மூலையாக உடைந்து நிற்கும்.

நீண்ட வளைவில் அலகுகளை முழுவதும் மூடக்கூடாது. மூடித் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பல் விழும். கூரான மூலை வந்தால், இரண்டு பக்கத்தில் இருந்தும் மூலையை நோக்கி வெட்ட வேண்டும்.

உள்ளே இருக்கும் சின்னத் துளைகள் முதலில், பெரியவை பிறகு, வெளி ஓரம் கடைசியில். துளைகள் கூடக் கூடத் தாள் வலு இழக்கும். வெளி ஓரத்தை முதலில் வெட்டினால், பிடித்துக்கொள்ள இடம் இருக்காது.

எந்திரம் வந்தது

கோவிலுக்காகப் பிறந்த கலை, இன்று கோவிலை மட்டும் நம்பி வாழ முடியவில்லை. சாஞ்ஜிப் படங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டும், விளக்குக் கூண்டு, தடுப்புத் திரை, வாழ்த்து அட்டை என்று மாற்றியும் விற்கிறார்கள். இருந்தாலும் முழுநேரமும் இதையே செய்யும் குடும்பங்கள் மிகக் குறைவு.

காரணம் தெரிந்ததுதான். கண்ணுக்கும் கைக்கும் ஓய்வில்லாத வேலை. பழகப் பல ஆண்டுகள். பத்து நாள் குனிந்து உட்கார்ந்து வெட்டும் படத்தை, லேசர் எந்திரம் சில நிமிடங்களில் வெட்டித் தள்ளிவிடுகிறது. கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுகிறார். விலையைக் கேட்ட வாடிக்கையாளர் எந்திரத்தில் வெட்டியதை எடுத்துக்கொண்டு போகிறார்.

2025-ல் மதுரா சாஞ்ஜிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊரார் தங்கள் சரக்குக்குப் போட்டுக்கொள்ள முடியாது. நல்ல செய்திதான். ஆனால் கையால் வெட்டியதற்கு உரிய விலை கொடுக்க, வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசர் என்பது சுட்டு வெட்டுவது. அதனால் ஓரத்தில் பெரும்பாலும் லேசான பழுப்பு தெரியும். சில சமயம் கருகிய வாடையும் இருக்கும். கத்தரிக்கோல் வெட்டில் ஓரம் தாளின் நிறத்திலேயே இருக்கும். அடுத்து, ஒரே மாதிரியான இரண்டு இலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்திரத்தில் இரண்டும் அச்சு அசலாக இருக்கும். கைவேலையில் ஒன்று மற்றதற்கு ஒரு மயிரிழை வேறுபடும். அந்த மயிரிழைக்குத்தான் விலை!

வீட்டிலும் செய்யலாம்

ஆயுத பூஜைக்கு ஆலையையும் ஆபீசையும் அலங்கரிக்கும் நம்மவர்கள், கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தோரணத்துக்குப் பதிலாக ஒரு கோலப் படிவத்தைத் தாங்களே வெட்டிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்று போதும். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கும் உதவும்.

வேண்டியவை: கொஞ்சம் தடித்த தாள், பென்சில், நுனி கூரான சிறு கத்தரிக்கோல். நேர்கோடு அதிகம் உள்ள படத்துக்கு, முனையை ஒடித்து ஒடித்துப் புதிதாக்கும் காகிதக் கத்தி நல்லது. அடியில் வைக்க ஒரு தடித்த அட்டை. கண்ணாடியின் மேல் வைத்து வெட்டினால் கத்தி வழுக்கும். முனையும் சீக்கிரம் மழுங்கும்.

கத்தியைப் பேனா போலப் பிடித்து, தன்னை நோக்கி இழுக்க வேண்டும். ஒரே அழுத்தத்தில் வெட்ட நினைக்காமல், லேசாக இரண்டு மூன்று முறை இழுத்தால் கோடு சுத்தமாக வரும். நேர்கோட்டுக்கு இரும்பு ஸ்கேல் வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி சீவிவிடும். கை விரலுக்கும் ஆபத்து. மற்றக் கை, கத்தி வரும் பாதையில் இருக்கவே கூடாது. சிறு பிள்ளைகளிடம் கத்தியைக் கொடுக்க வேண்டாம், கத்தரிக்கோலே போதும்.

தாளை நான்காக மடித்து வெட்டினால், நாலு பக்கமும் ஒன்று போன்ற பூக்கோலம் கிடைக்கும். மடிப்பு ஓரம் முழுவதையும் வெட்டிவிடாதீர்கள். தாள் துண்டு துண்டாகப் போய்விடும். வெட்டுவதற்கு முன், போகப்போகும் பகுதிகளைப் பென்சிலால் கறுப்பாக்குங்கள். வெள்ளை எல்லாம் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். எங்காவது வெள்ளை தனித்து நின்றால் அங்கே ஓர் இணைப்பு போடுங்கள்.

தப்பாக வெட்டிவிட்டால் கவலை வேண்டாம். பின்பக்கம் ஒரு மெல்லிய தாள் துண்டை மைதாப் பசையால் ஒட்டி, காய்ந்த பின் மறுபடி வெட்டலாம். பல முறை பயன்படுத்த வேண்டும் என்றால், பழைய எக்ஸ்-ரே பிலிமில் வெட்டுங்கள். ஈரத்துக்கு அசையாது.

அடுத்த முறை போகும்போது...

டெல்லியில் இருந்து மதுரா சுமார் 140 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம். பிருந்தாவனத்தில் நம் ஊர்க் கோபுரத்தோடு நிற்கும் ரங்கநாதர் கோவிலைப் பார்க்கப் போகிறவர்கள், மகாளய நாட்களாக இருந்தால் மாலையில் சற்றுத் தங்கி, மற்றக் கோவில்களில் சாஞ்ஜியையும் பார்த்துவிட்டு வரலாம்.

பேடா இரண்டு நாளில் தீர்ந்துவிடும். கையால் வெட்டிய ஒரு சிறு மயில், சட்டம் போட்டு மாட்டினால் பிள்ளைகள் காலத்துக்கும் சுவரில் இருக்கும். அதை வெட்டியவரின் வீட்டில் அன்று அடுப்பும் எரியும்.