ஆபத்துக் காலமும் சிறாரும்

ஆபத்து நேருங்கால் சிறார் காக்கப்படவேண்டியவரே என்பது பலர் கொள்கை. பிறரைக் காக்கவும் அவர் வல்லர் என்பதற்கு ஜப்பான் தேசத்துக் காமாயிஷி நகரத்தை நாம் சான்றாகக் காட்டுவோம்.

பழைய ஆழிப்பேரலைகளை ஆதாரமாகக் கொண்டு வரைந்த படம், அந்நகரின் உனொசுமாய்ப் பகுதியிலிருந்த இரு பள்ளிகளையும் அலை எட்டாதெனக் காட்டிற்று. ஆயினும் பேராசிரியர் தோஷிதக்கா கத்தாதா மாணாக்கர்க்கு மூன்று விதிகள் கற்பித்து வந்தார்: படத்தின் எல்லையை நம்பியிராதீர், இயன்றவனைத்தும் செய்வீர், முதலில் ஓடுபவர் நீவிரே ஆகுக. ஒருவர் ஓடக் காணின் பலரும் ஓடுவர் என்பது இறுதி விதியின் கருத்து.

2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் தேதி பூமி அதிர்ந்ததும், நடுநிலைப் பள்ளி மாணாக்கர் மேட்டை நோக்கி ஓடினர். மேல்மாடியில் ஒதுங்கிய தொடக்கப் பள்ளிச் சிறார் அது கண்டு பின்தொடர்ந்தனர். மூத்தோர் இளையோரின் கைபற்றி நடத்தினர். முதலிற் சேர்ந்த இடமும் போதாதெனக் கண்டு, பின்னும் உயர ஏறினர். கடல் இரு பள்ளிகளையும் மூடிற்று. அவ்வாறு ஏறிச்சென்ற ஏறத்தாழ 600 மாணாக்கரும் பிழைத்தனர்.

முதல் விதி இன்று எங்கும் வேண்டற்பாலது. புவி வெப்பமேறக் கடல்மட்டம் உயர்கின்றது, பெருமழை மிகுகின்றது, சென்ற வெள்ளத்தின் எல்லை வரும் வெள்ளத்திற்கு எல்லையாகாது. ஆதலின், கீழ்ப்படிதலை மட்டுமன்றி, தாமே தெளிந்து முன்செல்லும் பயிற்சியையும் சிறார்க்கு அளித்தல் நம் கடனாம்.