ஹைட்ரா துறைமுகம்

சரோனிக் வளைகுடாவிலுள்ள இந்தக் கிரேக்கத் தீவில் கார், மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. காய்கறி முதல் சிமெண்ட் மூட்டை வரை படகில் வந்திறங்கி, கோவேறு கழுதைகளின் முதுகில் படியேறுகின்றன.

பாறை நிலம்; விளைச்சல் சொற்பம். அதனால் தீவினர் கடலை நம்பினர். நெப்போலியன் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையைத் தாண்டித் தானியம் கொண்டுபோய் விற்றுச் செல்வம் குவித்தனர். துறைமுகத்தைச் சூழ்ந்த சாம்பல் நிறக் கல்மாளிகைகள் அந்த வணிகக் குடும்பங்கள் கட்டியவை.

1821இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர் கிளர்ந்தெழுந்தபோது, ஹைட்ராவின் வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல்களாயின. அட்மிரல் ஆண்ட்ரியாஸ் மியாவுலிஸ் தலைமையேற்றார்; லாசரோஸ் கூன்டூரியோட்டிஸ் தம் செல்வத்தைப் போருக்கு வழங்கினார். தீக்கப்பல் இவர்களது முக்கிய ஆயுதம்: எளிதில் பற்றும் பொருள்களை நிரப்பிய பழைய கப்பலைப் பகைவர் கப்பலோடு பிணைத்துத் தீ வைப்பார்கள், மாலுமிகள் சிறு படகில் தப்புவார்கள்.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் பாய்மர வணிகம் சரிந்தது. பலர் கடற்பஞ்சு எடுக்க வட ஆப்பிரிக்கக் கரை வரை சென்று முக்குளித்தனர்.

மேற்குச் சரிவிலுள்ள கூன்டூரியோட்டிஸ் மாளிகை இன்று அருங்காட்சியகம். மியாவுலிஸின் இதயம் பதப்படுத்தப்பட்டு, துறைமுகத்தை ஒட்டிய ஆவணக் காப்பக அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜூன் மாத மியாவுலியா விழாவில் கடலில் ஒரு படகு எரிக்கப்படுகிறது.

படிகளில் சுமையுடன் வரும் கழுதைகளுக்கு வழிவிடுங்கள்.