வெள்ளத்திற்குப் பின் பள்ளிக்கூடம்: நிவாரண நிதியைப் பயன்படுத்தும் முறை

தாமிரபரணி பாயும் நெல்லைச் சீமை வெள்ளத்தை அறியாத பூமி அன்று. பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து செல்லும் இந்நதி, கார், பிசானம் என்னும் இரு போகங்களுக்கும் உயிர் அளிப்பது. அதே நதி கரைபுரண்ட ஆண்டுகளும் உண்டு. 1992ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தை முதியோர் இன்னும் நினைவுகூர்கின்றனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இன்றைய பிள்ளைகளும் அறிவார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வயல்களும் வீடுகளும் சாலைகளும் ஒருங்கே நீரில் மூழ்கின.

இத்தகைய காலங்களில் கிராமத்தார் முதலில் நாடுவது பள்ளிக்கூடத்தையே. ஊரில் ஓரளவு உயர்ந்த இடத்தில் உறுதியாக நிற்கும் பொதுக் கட்டடம் பெரும்பாலும் அதுதான். மக்கள் தங்குவதும் அங்கே. சோறு வடிப்பதும் அங்கே. ஆனால் நீர் வடிந்தபின் நாம் இறுதியாக நினைப்பதும் அப்பள்ளியைத்தான். சாலைக்கு மனு எழுதப்படுகிறது. வாய்க்கால் உடைப்புக்கு மனு எழுதப்படுகிறது. பள்ளிக்கு எழுதுவதற்குள் உரிய காலம் கடந்துவிடுகிறது. பணம் இல்லாமையால் அன்று, எந்தப் பணத்தை எந்த வேலைக்கு எப்பொழுது கேட்பது என்பதை அறியாமையால் பல பள்ளிகள் ஓட்டைக் கூரையுடன் அடுத்த மழையைச் சந்திக்கின்றன. ஆகவே அம்முறையை ஊராட்சி மன்ற அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

நிவாரண நிதி என்பது யாது?

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருவகை நிதிகளுக்கு வழி செய்தது. 48ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் அமைவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. 46ஆம் பிரிவின்படி மத்தியில் அமைவது தேசியப் பேரிடர் நிவாரண நிதி. பேரிடர் நேர்ந்ததும் முதலில் செலவிடப்படுவது மாநில நிதியே. அது போதாதபோது, சேதம் கடுமையானது என்று கண்டால், மத்திய நிதியிலிருந்து கூடுதல் உதவி கேட்கப்படும். 15ஆவது நிதி ஆணையத்தின் காலமாகிய 2021-26இல், தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் நிதியில் நான்கில் மூன்று பங்கை மத்திய அரசும் ஒரு பங்கை மாநில அரசும் அளித்தன.

அக்காலத்தில் பேரிடர்ப் பணிகளுக்கென மாநிலத்திற்கு நூறு ரூபாய் ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். அதில் 40 ரூபாய் உடனடி மீட்புக்கும் நிவாரணத்திற்கும் உரியது. 30 ரூபாய் சீரமைப்புக்கும் மறுகட்டுமானத்திற்கும், 10 ரூபாய் முன்னேற்பாட்டுக்கும் பயிற்சிக்கும் உரியவை. எஞ்சிய 20 ரூபாய், பேரிடரின் கடுமையை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கான தனி நிதி. நிவாரணத்துக்கு ஒரு பை, சீரமைப்புக்கு ஒரு பை, தடுப்புக்கு ஒரு பை என்று பணம் பிரித்து வைக்கப்படுகிறது என்பதே இதில் நாம் அறியவேண்டிய செய்தி. விகிதம் ஆணையத்திற்கு ஆணையம் மாறக்கூடும்.

இந்நிதியின் எல்லை

மடை உடைந்து நீர் பாயும்போது விவசாயி என்ன செய்கிறான்? மண் மூட்டைகளை அடுக்கி உடைப்பை அடைக்கிறான். மடையைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டுவது பின்னர்ச் செய்யவேண்டிய வேறு வேலை. நிவாரண நிதியின் உடனடிப் பகுதி மண் மூட்டையைப் போன்றது. மத்திய உள்துறை வகுத்த விதிகளில், ஊராட்சிச் சொத்துகளுக்குச் செய்யத்தக்க உடனடி வேலைகளுள் ஆரம்பப் பள்ளிகளின் தற்காலிகப் பழுதுபார்ப்பும் ஒன்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஊராட்சி அலுவலகம், சமுதாயக் கூடம், அங்கன்வாடி ஆகியவையும் அதே வரிசையில் உள்ளன. புதிய கட்டடம் எழுப்புவது அதில் அடங்காது. பல்லாண்டுகளாகப் பராமரிப்பின்றிச் சிதைந்த சுவரை வெள்ளத்தின் பெயரால் புதுப்பிக்கவும் அதில் இடமில்லை.

தொகைக்கும் வரம்பு உண்டு. 2015-20ஆம் ஆண்டுகளுக்கான விதிகளில், சேதமுற்ற ஆரம்பப் பள்ளி ஒன்றுக்கு 1.50 லட்சம் ரூபாய் வரையே அனுமதிக்கப்பட்டது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடைமுறையிலுள்ள வரம்பை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

இந்த உதவி நிவாரணமேயன்றி, இழப்புக்கு முழு ஈடு அன்று என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் நேர்ந்த மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்திற்கும் சேர்த்துத் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய் கோரிற்று. 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது ஏறத்தாழ 276 கோடி ரூபாய். கேட்பது அனைத்தும் கிடைக்கும் என்று எந்த ஊராட்சியும் கணக்கிட இயலாது என்பதற்கு இதுவே சான்று. கிடைப்பதை எதற்கு முதலில் செலவிடுவது என்னும் முடிவே முக்கியமானது.

நீர் வடிந்த முதல் வாரம்

உடனடி வேலைகளுக்கு விதிகள் தரும் காலம் குறுகியது. ஆகையால் முதல் வாரத்திலேயே பின்வரும் காரியங்கள் நடைபெற வேண்டும்.

முதலாவது, பாதுகாப்பு. ஈரம் ஊறிய சுவரும் நனைந்த மின்கம்பிகளும் உயிருக்கு ஆபத்தானவை. பொறியாளர் பார்வையிட்டு எழுத்துமூலம் அனுமதிக்கும்வரை பிள்ளைகளை உள்ளே விடலாகாது.

இரண்டாவது, சேதப் பதிவு. தலைமையாசிரியர், ஊராட்சி மன்றத் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், ஒன்றியப் பொறியாளர் ஆகியோர் கூடிப் பார்வையிடுக. வெள்ளம் நின்ற உயரத்தைச் சுவரில் குறித்து, தேதியுடன் படம் எடுத்து வைக்கவேண்டும். சகதியைக் கழுவிய பின் எடுக்கும் படம் சான்றாகாது.

மூன்றாவது, மதிப்பீடு. "பள்ளி முழுதும் சேதம், ஆவன செய்க" என்னும் மனுவினால் பயன் இல்லை. எத்தனை ஓடுகள், எத்தனை சதுர மீட்டர் தரை, எத்தனை கதவுகள் என்று தனித்தனியே எழுதி, அரசு விலைவிகிதப்படி பொறியாளர் மதிப்பிட வேண்டும்.

நான்காவது, அனுப்பும் வழி. சேத அறிக்கை ஒன்றிய அலுவலகத்துக்கும் வட்டாட்சியருக்கும் ஒரே நாளில் செல்லட்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி அதன் இணைத்தலைவர். ஆகவே மக்களின் பிரதிநிதிகளுக்கும் அங்கே குரல் உண்டு.

அவசரக் கொள்முதல் பற்றி ஒரு சொல். சட்டத்தின் 50ஆம் பிரிவு, பேரிடர்க் காலத்தில் ஒப்பந்தப்புள்ளி கோராமலே பொருள் வாங்க அனுமதிக்க இடமளிக்கிறது. ஆயினும் அந்த அதிகாரம் தேசிய, மாநில, மாவட்ட ஆணையங்களுக்கு உரியது. ஊராட்சி தானாக எடுத்துக்கொள்வது அன்று. ஆணையின் நகல் கைக்கு வந்தபின்னரே வாங்குக. இருப்புப் பதிவேடும் அளவுப் புத்தகமும் அன்றன்றே எழுதப்படல் வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தப் பணம்?

விளக்கத்தின் பொருட்டு, ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் ஒன்றியத் தொடக்கப்பள்ளியைக் கற்பனை செய்வோம். வகுப்பறையில் முழங்கால் அளவு சகதி படிந்துள்ளது. கூரையில் ஒரு பகுதி ஓடுகள் பெயர்ந்துவிட்டன. கழிப்பறையின் செப்டிக் தொட்டியில் மண் நிரம்பியது. கிணற்றில் வெள்ளநீர் கலந்தது. பாடநூல்கள் நனைந்தன. சத்துணவு அரிசி வீணாயிற்று. வெள்ளத்திற்கு முன்னரே விரிசல் கண்டிருந்த ஒரு பழைய வகுப்பறை மேலும் சாய்ந்துவிட்டது. ஊர் மக்கள் மூன்று நாள் அங்கே தங்கியும் இருந்தனர்.

இவை அனைத்தையும் ஒரே மனுவில் எழுதினால் அது மேசைக்கு மேசை அலையும். பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் தன் இடத்தைச் சேரும்.

மக்கள் தங்கிய நாள்களின் உணவும் குடிநீரும் மருந்தும் நிவாரண முகாம் செலவு. அதற்குத் தங்கியோர் பெயர்ப் பதிவேடு ஆதாரம். சகதி அகற்றுதலும் ஓடு மாற்றுதலும் நிவாரண நிதியின் உடனடி வேலைகளாகக் கேட்கத் தக்கவை. பாடநூல்களுக்கான பட்டியல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், அரிசிக்கான அறிக்கை சத்துணவுப் பிரிவுக்கும் செல்லவேண்டும். கழிப்பறைக்கும் குடிநீருக்கும் நிதி ஆணைய மானியத்தை நாடலாம். 2021-26ஆம் ஆண்டுகளில் ஊராட்சிகளுக்கு வந்த அம்மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு சுகாதாரத்துக்கும் குடிநீருக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

சாய்ந்த பழைய வகுப்பறையோ வேறு விஷயம். அது வெள்ளத்தால் மட்டும் கெட்டதன்று. பொறியாளரின் சான்று பெற்று இடிக்கவேண்டியதை இடித்துவிட்டு, புதிய அறைக்கு நிரந்தரத் திட்டத்தை நாடுவதே முறை. 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவில் அரசுப் பள்ளிக் கட்டடங்களை மேம்படுத்த வகுக்கப்பட்டதாகும். ஒன்றியப் பள்ளிகளுக்கென ஊரக வளர்ச்சித் துறை வகுத்த குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டமும் இவ்வகையினதே.

ஒரே வேலையை இரு கணக்குகளில் எழுதுதல் கூடவே கூடாது. தணிக்கையில் அது வெளிப்படும். அடுத்த முறை உண்மையான சேதத்தையும் அதிகாரிகள் ஐயத்துடன் நோக்குவர். அந்தத் தண்டனையை அனுபவிப்போர் பிள்ளைகளே.

பிற நாட்டு அனுபவம்

கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020, 2021ஆம் ஆண்டுகளில் இயற்றிய மூன்று சட்டங்களின் வாயிலாக அமெரிக்க மத்திய அரசு தன் நாட்டுப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டாலர் அவசர உதவி அளித்தது. 2021 மார்ச்சுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் பங்கில் ஐந்தில் ஒரு பங்கையேனும், பிள்ளைகள் இழந்த கல்வியை மீட்கச் செலவிட வேண்டியிருந்தது. பொதுமக்களின் கருத்தைக் கேட்டுத் திட்டத்தை வெளியிட வேண்டும் என்றும் விதி இருந்தது. இறுதித் தவணையைச் செலவுக்கு ஒப்படைக்கும் கெடு 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அப்பணத்தைக் கொண்டு நிரந்தரச் சம்பளச் செலவுகளை ஏற்ற மாவட்டங்கள், பணம் நின்றபோது இடர்ப்பட்டன.

இதில் நமக்கும் படிப்பினை உண்டு. ஒருமுறை வரும் பணத்தை ஒருமுறை செய்யும் வேலைக்கே பயன்படுத்துக. சுவரைச் செப்பனிடுவதோடு கடமை முடிந்தது என்றும் எண்ணற்க. பிள்ளைகள் இழந்த பாடத்தையும் ஈடு செய்தல் வேண்டும். பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர் மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுத்தனர். வெள்ளத்திற்குப் பின்னும் கிராமத்தின் படித்த இளைஞர் அத்தொண்டைச் செய்யலாகும்.

மழைக்கு முன் செய்யவேண்டியவை

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், திருநெல்வேலி நகரின் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அன்று வெள்ளம் வரவில்லை. அத்துயரத்தின் பின்னரே மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்கள் சோதிக்கப்பட்டு, பழுதுற்றவை இடிக்கப்பட்டன. நம் சுவர்களின் நிலையை அறிய ஓர் உயிரிழப்பு நேரும்வரை காத்திருக்கவேண்டுமா? எந்த நிவாரண நிதியும் அந்த இழப்பை ஈடு செய்யாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அக்டோபர் 2ஆம் நாள் கிராமசபை கூடுகிறது. அதற்கு முந்திய மாதத்திலேயே பள்ளிக் கட்டடத்தைப் பொறியாளரைக்கொண்டு சோதித்து, அறிக்கையைக் கிராமசபையில் படிக்கச் செய்வது ஒவ்வொரு ஊராட்சியிலும் வழக்கமாக வேண்டும். இதனால் இரு நன்மைகள் விளையும். ஆபத்தான சுவர் முன்னரே தெரியவரும். வெள்ளம் வந்தபின் எது புதிய சேதம், எது பழைய சேதம் என்னும் வழக்குக்கும் இடமிராது.

இப்பணியில் பள்ளி மேலாண்மைக் குழு நமக்குப் பெருந்துணை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவது அக்குழுவின் கடமை. அத்திட்டத்தில் வெள்ளக்காலப் பக்கம் ஒன்றும் இருக்கட்டும்: பதிவேடுகளை எந்த உயரத்தில் வைப்பது, மின்சாரத்தை யார் நிறுத்துவது, முகாமுக்குச் சாவி யாரிடம், முகாம் முடிந்தபின் துப்புரவு செய்வோர் யார் என்பவை.

மக்கள் பள்ளியைத் தம் சொத்தாகக் கருதுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்ற எட்டயபுரம், அந்நாளில் நம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்தார் பெஞ்சும் மேசையும் கடிகாரமும் நிலமும் கொடுத்துத் தம் பள்ளிகளை வளர்த்தனர். அன்று பொருள் கொடுத்த கைகள், இன்று கணக்கும் கேட்கட்டும், காவலும் புரியட்டும்.

அரசு அளிக்கும் பணம் வாய்க்கால் நீரைப் போன்றது. தலைமதகில் எவ்வளவு திறந்தாலும், வயல் வரப்பை ஒழுங்கு செய்து வைத்தவனுக்கே அது பயன்படும். சேதப் பதிவேடு, மதிப்பீடு, கிராமசபைத் தீர்மானம் ஆகிய மூன்றும் நம் வரப்புகள். இவற்றை மழைக்கு முன்னரே சீர்செய்து வைப்போமாயின், அடுத்த வெள்ளம் வடிந்த சில நாள்களிலேயே நம் பள்ளிகளில் மீண்டும் மணி ஒலிக்கும்.