முட்டி வலி மாத்திரை முட்டிக்கு மட்டுமா போகிறது?

முட்டி வலிக்கு விழுங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரைக்கு முட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. போன இடத்திலெல்லாம் ஒரே வேலைதான்: கொழுப்பிலிருந்து ஒரு பொருள் உருவாகாமல் தடுப்பது.

கொழுப்பு என்றாலே நமக்குத் தொப்பையும் கொலஸ்ட்ராலும்தான் ஞாபகம் வருகின்றன. ஆனால் செல்களின் உறையில் அரக்கிடோனிக் அமிலம் என்றொரு கொழுப்பமிலம் பதுங்கியிருக்கிறது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ள லினோலிக் அமிலத்திலிருந்து உடலே இதைச் செய்துகொள்ளும். கறியிலும் முட்டையிலும் நேராகவே கிடைக்கும். அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ இது உறையிலிருந்து கழன்று வரும். காக்ஸ் என்ற நொதி அதைப் பிடித்து புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றும். வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாம் இவற்றின் கைவரிசை. ஹார்மோன் ஊருக்கே ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறது என்றால், இவை வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்கு மட்டும் சொல்பவை. சொன்ன கையோடு சீக்கிரமே அழிந்தும் போகும்.

ஆஸ்பிரின் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அது எப்படி வலியைப் போக்குகிறது என்பது மட்டும் 70 ஆண்டுகளுக்குப் பிடிபடவில்லை. லண்டனில் ஜான் வேன் என்ற மருந்தியலாளர், முயலின் பெருந்தமனியை நாடாபோல வெட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் திரவத்தை வழியவிட்டுப் பார்ப்பார். ஒவ்வாமை தூண்டிய கினிப் பன்றி நுரையீரலிலிருந்து வந்த திரவம் பட்டதும் நாடா சுருங்கியது. நுரையீரலுக்கு ஆஸ்பிரின் கொடுத்தபின் சுருங்கவில்லை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனவர், ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்துகிறது என்று 1971-ல் காட்டினார். 1982-ல் ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன் இருவரோடு நோபல் பரிசும் வந்தது.

சிக்கல் என்னவென்றால், வலியைக் கிளப்பும் இதே கூட்டம்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது; தளர்ந்த சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மருந்துக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் வலி மாத்திரை போடுபவர்களுக்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வருவது இப்படித்தான். இதைத் தெரிந்தே விற்கும் கடைகளை என்ன சொல்வது!

ரத்தத் தட்டணுக்கள் இதே அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து திராம்பாக்சேன் என்ற இன்னொன்றைச் செய்கின்றன. ரத்தம் உறைய இது வேண்டும். ஆஸ்பிரின் காக்ஸ் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால் புது நொதி செய்துகொள்ளவும் வழியில்லை. அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை முடக்கம்தான். மாரடைப்பு வந்தவருக்குத் தினம் 75 மில்லிகிராம் போதும் என்பதன் ரகசியம் இது. டெங்கு காய்ச்சலில் ஆஸ்பிரின் கூடவே கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

மாதவிடாய் வலியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. கர்ப்பப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் பெருகி, தசையை முறுக்கிப் பிழிகிறது. மெஃபனாமிக் அமிலம் என்ற வலி மாத்திரைக்கு அந்த வலி கேட்பது அதனால்தான். 'இதெல்லாம் ஒரு வலியா' என்று கேட்பவர்களுக்கு வேதியியல் தெரியாது, அவ்வளவுதான். தேதி தள்ளிப்போன கர்ப்பிணிக்குப் பிரசவ வார்டில் 'ஜெல் வைக்கிறோம்' என்கிறார்களே, அந்த ஜெல்லில் இருப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான்.

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு இன்னும் வேலை இல்லை. அதைத் தவிர்த்து ரத்தம் போக இதயத்துக்கு அருகே ஒரு குறுக்குக் குழாய் உண்டு. அதைத் திறந்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பெரும் பங்கு. பிறந்ததும் அது தானே மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தையில் மூடாமல் நின்றால் இபுபுரோஃபென் என்ற வலி மருந்தைக் கொடுத்து மூடவைக்கிறார்கள். சில பிறவி இதய நோய்களில் அந்தக் குழாய்தான் குழந்தையின் உயிர்நாடி. அறுவை சிகிச்சை வரை புரோஸ்டாகிளாண்டினை மருந்தாகவே ஏற்றுகிறார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இடுப்பு வலிக்கென்று இந்த மாத்திரைகளைத் தொடவேண்டாம் என்பதும் இந்தக் குழாய்க்காகவே: வயிற்றுக்குள்ளேயே மூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பகால ரத்தக் கொதிப்பு வராமலிருக்க டாக்டர் எழுதித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் கணக்கு வேறு. அதைப் பயந்து நிறுத்திவிடக் கூடாது.