இசைச் செயலிகளும் ஒலித்தரமும்

ஓசைக்கு அளவு வகுத்த மொழி தமிழ். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை எனப் பகுத்துக் கேட்ட செவி நம் முன்னோருடையது. இன்று கைப்பேசியில் இசை கேட்கும் மாணவர், ஒரு செயலியில் பாட்டு இனிக்கிறது என்றும் மற்றொன்றில் சப்பென்றிருக்கிறது என்றும் சொல்லக் கேட்கிறோம். இவ்வேறுபாடு மெய்யா, மயக்கமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலி எண்ணாதல்

குறுந்தகட்டில் ஒலியலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் பதிவாகிறது. இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். நான்கு நிமிடப் பாடல் 42 மெகாபைட்டை எட்டும். இச்சுமையைக் குறைக்கவே ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வாளர் முதலானோர் முயற்சியால் எம்.பி.3 முறை 1990களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. தவில் முழங்குங்கால் அருகிலிருப்பவர் முணுமுணுப்பு நம் காதில் விழுவதில்லை அன்றோ? அவ்வாறு வல்லோசையில் மறையும் மெல்லோசையை விடுத்தும் சுருக்கியும் எழுதுவதே அம்முறையின் சூட்சுமம். நொடிக்கு 320 கிலோபிட் எனில் அதே பாடல் 9.6 மெகாபைட்டில் அடங்கும். பெரும்பாலோர் செவிக்கு வேறுபாடு புலப்படுவது அரிது. 64 கிலோபிட்டுக்கு இறங்கினாலோ ஜால்ராவின் கணீரொலி மங்கிவிடும்.

மயக்கத்தின் காரணங்கள்

ஒரே கோப்பை, ஒரே அமைப்பில், ஒரே கருவியில் இயக்கினால் செயலிகளிடையே பெரும் வேறுபாடு எழ வழியில்லை. வேறுபாடு தோன்றுவதற்குக் காரணங்கள் வேறு. தரத்தைத் ‘தானியங்கி’ அமைப்பில் விட்டால், அலைவரிசை மெலியும் சிற்றூர்களில் செயலி தரத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும். சற்று உரக்க ஒலிப்பதை நம் செவி சிறந்ததென மயங்கும். சில செயலிகள் ஒலியளவைச் சமன்செய்யும். சில தாமே அடியோசையைக் கூட்டும். புளூடூத் கேட்பொறியோ ஒலியை மீண்டும் ஒருமுறை சுருக்கும். ஆகவே ஒப்பிட விழைவோர் ஒலியளவைச் சமமாக்கி, எச்செயலி எனத் தாம் அறியாவண்ணம் நண்பர் ஒருவரை இயக்கச் சொல்லிக் கேட்பதே முறை.

மூலமே முதல்

இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா 1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து 2015இல் மறைந்தவர். 1985 வரை அம்மாவட்டத்தில் அடங்கியிருந்த திருச்சுழி, அருப்புக்கோட்டைக் கரிசல் ஊர்களிலும், குழாய் ஒலிபெருக்கி கட்டிய மணவீடுகளில் அவர் குரல் முழங்கியது. அத்தகைய பாடல்களைத் தேய்ந்த ஒலிநாடாவிலிருந்து பெயர்த்து ஏற்றினால், இழப்பற்ற தரம் எனப் பெயர் சூட்டினும் பயனில்லை. இழப்பற்று வருவது அவ்விரைச்சலே. ஊற்று உவர்ப்பாயின் குடம் மாற்றி ஆவதென்ன?

எனவே மாணவமணிகளே, செயலிக்குச் செயலி தாவுவதினும் இன்றியமையாப் பணி ஒன்றுண்டு. உங்கள் இல்லத்துப் பரணில் உறங்கும் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் இறக்குங்கள். பூஞ்சையும் வெப்பமும் அவற்றை அழிக்குமுன், நல்ல கருவியில் இயக்கி, சுருக்காத கோப்புகளாகப் பெயர்த்து வையுங்கள். சுருக்குவது எப்போதும் இயலும். இழந்த ஓசையை மீட்பது எச்செயலிக்கும் இயலாது.