மழைக்கு முன்பே கேட்க வேண்டிய பணம்

வரக்காப்பொல பகுதியின் இறப்பர் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு நிவாரணம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். வெள்ளம் வடிந்ததும் கிராம சேவகர் வருவார், பெயர் எழுதுவார், உலர் உணவுப் பொதி வரும். ஆனால், லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் மண்மேட்டுக்கு ஒரு தாங்குசுவரோ, மழைநீர் ஓட ஒழுங்கான கானோ வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது? பலருக்கும் தெரியாது. அனர்த்தத்துக்கு முன் செலவிட வேண்டிய அந்த ஆயத்த நிதிக்கும் வழி இருக்கிறது. அதை மழை தொடங்குமுன் கேட்க வேண்டும்.

தாமதித்தால் என்ன நடக்கும் என்பதை கேகாலை மாவட்டம் கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 2021 ஜூனில் வரக்காப்பொல பகுதியிலேயே ஒரே குடும்பத்தினர் நால்வரை மண்சரிவு பலிகொண்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் புதையுண்ட கொஸ்லந்த மீரியபெத்தையையும் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும், மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் வேலை நடக்கவில்லை.

நிதி எந்த வழியாக வருகிறது?

சுனாமிக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. மாவட்டச் செயலகங்களில் அதன் ஒருங்கிணைப்புப் பிரிவுகள் இயங்குகின்றன. அதற்குக் கீழே பிரதேச செயலக மட்டத்திலும் கிராம சேவகர் பிரிவு மட்டத்திலும் குழுக்கள். ஆயத்த வேலைகளுக்கான கோரிக்கை இந்தப் படிகளில் கீழிருந்து மேலே போக வேண்டும். தனியொரு குடும்பம் விண்ணப்பப் படிவம் நிரப்பிப் பெறும் பணம் இதுவல்ல.

வேறு நாடுகளிலும் இதை ஒத்த நடைமுறை உண்டு. 2001 செப்டெம்பர் தாக்குதல்களுக்குப் பின் அமெரிக்கா உருவாக்கிய உள்நாட்டுப் பாதுகாப்பு மானியத்துக்கு மாநில அரசுகள்தான் விண்ணப்பிக்கின்றன. தமது பகுதியில் என்னென்ன ஆபத்துகள் உண்டு என்பதை முதலில் எழுத்தில் மதிப்பிட வேண்டும். கிடைக்கும் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும். எங்கும் மதிப்பீட்டில் இடம்பெறாத ஆபத்துக்குப் பணம் ஒதுக்குவது கடினம்.

நமது நாட்டில் அந்த மதிப்பீட்டைச் செய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 2016க்குப் பின் கேகாலையில் நடந்த மீள்குடியேற்றத்தைப் பாருங்கள். வீடு கட்ட 12 இலட்சம் ரூபாவும், அரச காணி கிடைக்காதவர்களுக்குக் காணி வாங்க 4 இலட்சம் ரூபாவும் என்று திட்டம் வகுக்கப்பட்டது. இடிந்த வீடுகளோடு, அதிக ஆபத்துள்ளவை என்று அந்த நிறுவனம் அடையாளம் கண்ட வீடுகளும் அதில் சேர்க்கப்பட்டன. வீடு இடியுமுன்பே உதவிக்கு வழி திறந்தது அந்த நிறுவனத்தின் மதிப்பீடுதான்.

செய்ய வேண்டியவை

முதலில், கேட்பவர்கள் ஓர் அமைப்பாக நிற்க வேண்டும். கோயில் கமிட்டியோ, மரண உதவிச் சங்கமோ, மாதர் சங்கமோ, பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் நல்லது. கிராம சேவகர் பிரிவின் அனர்த்தக் குழுவில் தோட்டத்திலிருந்து ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஒருவரைச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதி, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கோருங்கள். “எங்கள் லயம் ஆபத்தில் இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்: “கீழ்ப்பிரிவு லயத்தில் எட்டுக் குடும்பங்கள். பின்சுவரிலிருந்து ஆறு அடியில் பன்னிரண்டு அடி உயர மண்வெட்டு. சென்ற மழையில் மேலே நீளமான வெடிப்பு விழுந்தது. பலாமரம் சாய்ந்திருக்கிறது. முன்பு இல்லாத இடத்தில் சேற்றுநீர் ஊறுகிறது. கைக்குழந்தைகள் இருவர், நடக்க முடியாத முதியவர் ஒருவர்.” படங்களைத் திகதியோடு இணையுங்கள். கடிதத்தின் பிரதியில் ‘கிடைத்தது’ என்று முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

மூன்றாவது, காணிப் பிரச்சினை. பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது. கம்பனிகள் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் கையிலும் உறுதி இல்லை. ஆகவே தோட்ட நிர்வாகத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புவது பயன் தரும். தோட்டங்களில் ‘ட்ரஸ்ட்’ என்று அழைக்கப்படும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

பிரதேச சபையையும் விட்டுவிட வேண்டாம். தோட்டங்களுக்குச் செலவிட முடியாதபடி பிரதேச சபைகளைக் கட்டிப்போட்டிருந்த சட்டப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. கான், பாதை, மின்விளக்கு போன்றவற்றை இப்போது சபை உறுப்பினரிடம் துணிந்து கேட்கலாம். அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையை ஆண்டின் நடுப்பகுதிக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

மொழி தெரியாதே என்று ஒதுங்கவும் தேவையில்லை. எந்த அரச அலுவலகத்தோடும் தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது.

பணம் வரும்வரை

ஒப்புதல் வர மாதக்கணக்காகலாம். அதுவரை மழையை அளந்துகொண்டே இருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். அவசர உதவிக்கு 117.

அளந்ததை ஒரு கொப்பியில் திகதி வாரியாகக் குறித்து வையுங்கள். அடுத்த கடிதத்தோடு இணைக்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

இவ்வளவு அலைச்சலையும் தோட்டத் தொழிலாளியின் தலையில் போடுவது நியாயமில்லை. பால் வெட்டப் போகும் ஒருவர் ஒருநாள் சம்பளத்தை இழந்துதான் பிரதேச செயலகத்துக்குப் போகிறார். அதிகாரிகள் லயத்துக்கு வந்து பார்க்க வேண்டும். தோட்டங்களையும் கிராமத்தின் அனர்த்தத் திட்டத்தில் கேட்காமலே சேர்க்க வேண்டும். அது நடக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. கடிதம் அதற்கு முன்பே செயலகத்தின் கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.